மொடக்குறிச்சியின் ஆயிரம் பேர்

அன்புள்ள அய்யா,

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் மொடக்குறிச்சித் தொகுதியின் தேர்தல் வரலாற்றைக் கட்டுரையாக எழுத ஆசை. வென்றவர்கள், கட்சிகள், வாக்கு வித்தியாசம் எல்லாவற்றையும் அட்டவணை போட்டுவிட்டேன். 1996இல் 1,033 பேர் போட்டியிட்ட கேலிக்கூத்தை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரு வரியில் கடந்துவிடலாமா? இப்படி நிற்பவர்களைத் தடுக்க டெபாசிட்டை ஒரு லட்சமாக்க வேண்டும் என்று முடிக்கலாம் என்றிருக்கிறேன். அப்புறம், 2021இல் 281 வாக்கில் முடிவு மாறியதற்கு நோட்டா காரணமா? தொகுதி மறுசீரமைப்பின் பங்கு என்ன?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

டெபாசிட் விஷயமாக ஒரு நண்பரோடு சில நாட்களாகவே வாதாடிக்கொண்டிருக்கிறேன். அந்தச் சமயத்தில் உங்கள் கடிதம் வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

நோட்டாவை விடுங்கள். 281 வாக்கு வித்தியாசத்துக்கு எதை வேண்டுமானாலும் காரணமாகச் சொல்லலாம். மறுசீரமைப்பில் எல்லை மாறியது உண்மை. 1996இன் மொடக்குறிச்சியும் இன்றைய மொடக்குறிச்சியும் ஒரே நிலப்பரப்பு அல்ல. அட்டவணைக்குக் கீழே ஒரு குறிப்புப் போட்டால் போதும்.

ஆனால் அந்த ‘கேலிக்கூத்து’! சொந்த ஊர்க்காரர் எழுதியது என்பதால் கூடுதலாகவே வலித்தது. உங்கள் அப்பா வயதில், தாத்தா வயதில் இருந்தவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரிடமாவது உட்கார்ந்து பேசினீர்களா? எண்களை இணையத்தில் எடுத்திருக்கிறீர்கள், அந்த எண்களோடு ஒட்டி வந்த சிரிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டீர்கள்.

நடந்தது இதுதான். விவசாயிகளின் குறைகளை எந்த ஆட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாநிலம் முழுக்க அந்தத் தேர்தலில் வேறு பேச்சே கிடையாது. தி.மு.க., த.மா.கா. அலை அடித்தது. பர்கூரில் முதலமைச்சர் ஜெயலலிதாவே தோற்றார். அந்த இரைச்சலில் தங்கள் குரல் எடுபடாது என்று தெரிந்த விவசாயிகள் கூட்டம் கூட்டமாக வேட்புமனு போட்டார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியதாயிற்று.

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் மனத்தில் விரித்துப் பாருங்கள். இன்று அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் வேட்பாளர்கள் மேலே, சுயேச்சைகள் கீழே என்று வரிசை இருக்கிறது. அப்போது அது கிடையாது, எல்லோரும் அகர வரிசைதான். தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசனும் அ.தி.மு.க.வின் கிட்டுசாமியும் குப்புசாமிகள், பழனிசாமிகள், ராமசாமிகள் நடுவில் எங்கோ இருந்திருப்பார்கள். கட்சி பெரிதா சிறிதா என்று பார்க்காத வரிசை அது. அதற்கப்புறம் அப்படி ஒரு வாக்குச்சீட்டு இங்கே வரவே இல்லை.

என் அத்தையைக் கட்டிக்கொடுத்தது எழுமாத்தூர்ப் பக்கம். அத்தையின் கொழுந்தனார், எனக்கு மாமா முறை, அந்த ஆயிரம் பேரில் ஒருவர். வாய்க்காலின் கடைமடையில் நிலம். தண்ணீர் திறந்துவிட்ட செய்தி பேப்பரில் வந்து பல நாள் கழித்துத்தான் அவர் வயலுக்கு ஈரம் வரும், சில வருடம் அதுவும் வராது. மஞ்சள் விற்ற காசிலிருந்து 250 ரூபாயை எடுத்து டெபாசிட் கட்டினார். திரும்பி வராத பணம் என்று தெரிந்தேதான் கட்டினார்.

“நிக்கறதுக்கு எதுக்குங்க மாமா இத்தன பணம்?” என்று கேட்டேன்.

“மனுவுக்கு ஸ்டாம்பு ஒட்டறமல்ல மாப்ள, அந்த மாதிரிதான்” என்றார். “கலெக்டர் ஆபீஸ்ல குடுத்த மனு எங்க போச்சுன்னு தெரியல. இத அவங்க அச்சடிச்சே ஆகோணும்.”

அத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். வாக்குச்சாவடியில் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டியிருக்கிறார். அதிகாரி அவசரப்படுத்தியிருக்கிறார். “பொஸ்தகத்தக் கையில குடுத்துப்போட்டு வெரசாப் படின்னா எப்படிங்க சாமி?” என்று கேட்டுவிட்டு மறுபடி புரட்டியிருக்கிறார். கொழுந்தனார் பெயரைக் கண்டுபிடித்து, விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு வேறு பக்கத்தில் உதயசூரியனைத் தேடி முத்திரை குத்திவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை அவரிடமே சொன்னார்: “உங்க பேரு இருந்துச்சுங்க, பாத்துப்போட்டுத்தான் வந்தேன்.” மாமாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவரே யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

88 பேருக்கு ஒரு வாக்குகூட விழவில்லை என்பதை எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். தன் வாக்கையே தனக்குப் போட்டுக்கொள்ளத் தெரியாதவர்கள் என்று. முதலில், சட்டப்படி தமிழ்நாட்டின் எந்தத் தொகுதி வாக்காளரும் இன்னொரு தொகுதியில் நிற்கலாம், வாக்கு மட்டும் சொந்தத் தொகுதியில்தான். அதை விடுங்கள். ஜெயிக்க வந்தவன்தான் தனக்குப் போட்டுக்கொள்வான். இவர்கள் பெயரை முறையீடாகக் கொடுத்தார்கள், வாக்கைத் தாங்கள் விரும்பிய ஆட்சிக்குக் கொடுத்தார்கள். இரண்டும் வேறு வேறு என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பட்டதாரிகளான நமக்குத்தான் புரியவில்லை.

சரி, டெபாசிட்டுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1951ஆம் ஆண்டுச் சட்டம் சட்டமன்றத்துக்கு 250 ரூபாய் வைத்தது, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. அன்றைக்கு அது பெரிய பணம். ரூபாயின் மதிப்பு இறங்க இறங்க, நாற்பது வருடத்துக்கு மேல் யாரும் அதைத் தொடவில்லை. தேர்தல் சீர்திருத்தம் பற்றிய கோஸ்வாமி குழுவின் அறிக்கை 1990லேயே வந்தது. அப்போதும் தொடவில்லை. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் நின்றார்கள். அதே வருடம் நாடாளுமன்றத் தேர்தலில் அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர், கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். நல்கொண்டாக்காரர்கள் கேட்டது ஃப்ளோரைடு இல்லாத குடிநீர். அந்தத் தண்ணீரைக் குடித்து எலும்பு வளைந்துபோன ஜனங்கள் அவர்கள். அந்த ஆகஸ்டிலேயே திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. 250 ரூபாய் 5,000 ஆனது. சுயேச்சைக்கு முன்மொழிய 10 பேர் வேண்டும் என்றானது. வாக்குச்சீட்டில் கட்சிகள் மேலே போயின.

தண்ணீருக்கு வருடக்கணக்காகப் பதில் சொல்லத் தெரியாத அரசு இதற்குச் சில மாதத்தில் பதில் சொல்லிவிட்டது. ரூபாய் மதிப்பு குறைந்ததால் உயர்த்தினார்கள் என்று என்னிடம் வாதாட வராதீர்கள். மதிப்பு ஒரே வருடத்தில் குறையவில்லை.

இப்போது டெபாசிட் 10,000. 1996இல் ஆயிரம் விவசாயிகள் சேர்ந்து கட்டியது இரண்டரை லட்சம். இன்று அதே ஆயிரம் பேர் நிற்க ஒரு கோடி வேண்டும். கட்சி வேட்பாளருக்குத் தேர்தல் விதிகள் அனுமதித்திருக்கும் செலவு வரம்பே 40 லட்சம், அவருக்கு இந்தப் பத்தாயிரம் ஒரு நாள் பந்தல் செலவுக்குக் காணாது. ஒரு லட்சம் ஆக்கினாலும் அவரை அது தடுக்காது. கடைமடைக்காரனை மட்டும்தான் தடுக்கும். படித்த பிள்ளை நீங்கள், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்று யோசிக்காமல் இதை எழுதலாமா?

தடுத்ததா என்றால் அதுவும் முழுசாக இல்லை. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள். பெரும்பாலோர் மஞ்சள் விவசாயிகள். நாடாளுமன்றத் தொகுதி என்பதால் பொதுப் பிரிவு டெபாசிட் 25,000. ஒவ்வொரு சாவடியிலும் 12 வாக்குப்பதிவு இயந்திரங்களை வரிசையாக இணைத்து வைத்தார்கள். அவர்கள் கேட்டது மஞ்சள் வாரியமும் கட்டுப்படியாகும் விலையும். அன்றைய தெலங்கானா முதலமைச்சரின் மகள் கவிதா அங்கே தோற்றுப்போனார். 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் நிஜாமாபாத்திலேயே திறக்கப்பட்டது. ஈரோட்டு மஞ்சள் மண்டிக்குப் போகிறவர்களிடம் நிஜாமாபாத் என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஊர் விலையை அவர்கள் எப்போதும் கவனித்துக்கொண்டிருப்பவர்கள்.

உங்கள் அட்டவணையையும் குறை சொல்லமாட்டேன். 1977இல் அ.தி.மு.க.வில் நின்று வென்று எம்.ஜி.ஆர். அமைச்சரவைக்குப் போன சுப்புலட்சுமி ஜெகதீசன், 1996இல் தி.மு.க.வில் நின்று 1,032 பேரை எதிர்த்துச் சுலபமாக ஜெயித்தார். அதே தொகுதியில் 2021இல் பா.ஜ.க.வின் டாக்டர் சரஸ்வதியிடம் 281 வாக்கில் தோற்றார். அரை நூற்றாண்டுக் கொங்கு அரசியலை இந்த மூன்று வரியை வைத்தே எழுதலாம். எழுதுங்கள்.

1996க்கு மட்டும் தனியாக ஒரு அத்தியாயம் வையுங்கள். மொடக்குறிச்சி, அவல்பூந்துறைப் பக்கம் டீக்கடையில் விசாரித்தாலே அன்றைக்கு நின்றவர்கள் யாராவது கிடைப்பார்கள். வயதாகிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். எத்தனை வாக்கு வாங்கினீர்கள் என்று அவர்களிடம் கேட்காதீர்கள். என்ன கேட்டு நின்றீர்கள், அதில் எது கிடைத்தது என்று கேளுங்கள். சொல்வதை அவர்கள் பேச்சிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள். டெபாசிட் பற்றிய முடிவுரையை அதற்கப்புறம் எழுதலாம்.

அன்புடன்.