கணினி கேள்வி பதில்: ஆய்வேட்டுக்குக் கிட் ஒத்துவருமா?

கேள்வி: கல்வெட்டுத் தமிழைப் பற்றிய என் முனைவர் பட்ட ஆய்வேட்டை லேடெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் எழுதி வருகிறேன். நெறியாளர் நீக்கச் சொன்ன பகுதியை மூன்று மாதம் கழித்து அவரே திரும்பக் கேட்டார். அதன் பிறகுதான், கோப்புகளின் பழைய வடிவங்களையும் பதிந்துவைக்கும் கிட் பயன்படுத்தத் தொடங்கினேன். ஆனால் ஒரு சொல்லைத் திருத்தினாலும் பத்தி முழுவதும் மாறிவிட்டதாக அது காட்டுகிறது. இது நிரலாளர்களுக்கு மட்டுமே உரிய கருவியா?
– ஆய்வு மாணவி, தஞ்சாவூர்

பதில்: லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலின் நிரல்களைப் பராமரிப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கியது கிட். நிரலை வரிவரியாக எழுதுவது வழக்கம் என்பதால், வேறுபாட்டைக் காட்டும்போது அதுவும் வரியையே அலகாகக் கொள்கிறது. உங்கள் எடிட்டர் திரையில் மடித்து மடித்துக் காட்டினாலும், கோப்புக்குள் ஒரு பத்தி என்பது பெரும்பாலும் ஒரே நீண்ட வரிதான். அதில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்த வரி மாறியதாகத்தான் கணக்கு.

இதற்கு எளிய வழி, ஒவ்வொரு வாக்கியத்தையும் புதிய வரியில் தொடங்குவது. லேடெக் ஒற்றை வரிமுடிவை இடைவெளியாகவே எடுத்துக்கொள்ளும். வெற்று வரி வந்தால்தான் புதிய பத்தி தொடங்கும். எனவே அச்சில் எதுவும் மாறாது. இது புதிய உத்தியும் அன்று: கிட் பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1974இல், பெல் ஆய்வகத்தின் பிரையன் கெர்னிகன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்குப் புதியவர்களிடம் இதையே சொல்லியிருக்கிறார். நம் ஆய்வேடுகளில் ஒரு வாக்கியம் அரைப்பக்கம் ஓடுவதும் உண்டு. அப்படிப்பட்டவற்றை வினையெச்சத்தையடுத்துக் காற்புள்ளி வரும் இடத்தில் முறிக்கலாம். சேர்த்து எழுத வேண்டிய சொல்லின் நடுவில் மட்டும் முறிக்காதீர்கள். அங்கே தேவையற்ற இடைவெளி அச்சாகிவிடும்.

ஏற்கெனவே எழுதிய இயல்களை இவ்வாறு பிரிக்கும்போது ஒரு சொல்லையும் திருத்தாமல் பிரித்து, அதைத் தனி கமிட்டாக, அதாவது கிட்டில் சேமிக்கும் தனிப் பதிவாக, பதியுங்கள். திருத்தத்தையும் பிரிப்பையும் கலந்துவிட்டால் பிறகு எது எதுவென்று தெரியாது. வரிக்குள் எந்தச் சொல் மாறியது என்று பார்க்க, வேறுபாட்டைக் காட்டும் டிஃப் கட்டளைக்கு வேர்ட்-டிஃப் என்ற விருப்பம் உண்டு. அது சொற்களை இடைவெளியை வைத்துப் பிரிப்பதால் தமிழுக்கும் பொருந்துகிறது.

நீக்கிய பகுதியைத் தேட, அதிலிருந்த ஓர் அரிய தொடரை, ஒரு கல்வெட்டு எண்ணைக்கூட, கமிட்டுகளைப் பட்டியலிடும் லாக் கட்டளையின் பெரிய எஸ் (-S) விருப்பத்தோடு கொடுத்தால், அத்தொடர் சேர்ந்த கமிட்டும் நீங்கிய கமிட்டும் கிடைக்கும். கமிட் செய்தியில் ‘திருத்தம்’ என்று மட்டும் எழுதாமல், ‘நெறியாளர் கருத்துப்படி மூன்றாம் இயலின் வரிப்பெயர்ப் பட்டியல் நீக்கம்’ என்று காரணத்தோடு எழுதியிருந்தால் அந்தத் தேடலும் தேவைப்படாது. ஆக்ஸ், லாக், டாக் முதலிய லேடெக் துணைக் கோப்புகள் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகின்றவை என்பதால், அவற்றை கிட்-இக்னோர் கோப்பில் குறித்து ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: என் நெறியாளருக்குக் கிட் தெரியாது, போன முறைக்குப் பிறகு என்ன மாறியது என்பதைத் தாளில் பார்க்க விரும்புகிறார்.
– ஆய்வாளர், மதுரை

பதில்: லேடெக்டிஃப் என்ற நிரல் இதற்காகவே இருக்கிறது. பழைய கோப்பையும் புதிய கோப்பையும் கொடுத்தால், நீக்கியவற்றைச் சிவப்பில் அடித்தும் சேர்த்தவற்றை நீலத்தில் அடிக்கோடிட்டும் காட்டும் மூன்றாவது கோப்பொன்றைத் தரும். மூலத்தை லேடெக்கின் வகைகளான ஸீலேடெக்கிலோ லுவாலேடெக்கிலோ தொகுக்கிறீர்கள் என்றால் இதையும் அதிலேயே தொகுக்க வேண்டும். சிக்கலான அட்டவணைகள் மாறியிருந்தால் தொகுப்பு சில நேரம் தடைப்படும். நெறியாளரைச் சந்திக்கும் நாள் காலையில் இதை முதன்முதலாக முயல வேண்டாம்.

கேள்வி: நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுகிறோம். அவர் சரிபார்த்து அனுப்பியதும், இருவரும் தொடாத சொற்கள்கூட மாறியதாகக் கிட் காட்டுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.
– வாசகி, திருநெல்வேலி

பதில்: கோப்பு முழுவதும் மாறியதாகக் காட்டினால், விண்டோஸும் லினக்ஸும் வரிமுடிவை வெவ்வேறாகக் குறிப்பதே காரணமாக இருக்கலாம், கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ஒரே முறையை நிறுவினால் தீரும். ‘கொடை’, ‘கோயில்’ போன்ற சொற்கள் மட்டும் மாறினால் காரணம், எழுத்துகளுக்குக் குறியீட்டெண் தரும் யூனிகோடு முறை. ‘கொ’வில் உள்ள ஒற்றைக் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டு தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கலாம், திரையில் வேறுபாடு தெரியாது, கிட்டுக்கோ அவை வெவ்வேறு பைட்டுகள். உங்கள் இருவரின் விசைப்பலகை மென்பொருள்களும் வேறாக இருக்கக்கூடும். பைத்தான் நிரல்மொழியின் யூனிகோடுடேட்டா தொகுதியைக் கொண்டு கோப்புகளை, அவ்விரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு ஒருமுறை மாற்றி, அதையும் தனி கமிட்டாகப் பதிந்துவிடுங்கள். ‘கௌ’வைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டச்சு செய்திருந்தால் மட்டும் அந்த மாற்றம் உதவாது; ளகரம் உண்மையான எழுத்து என்பதால் அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.