மூன்று பிள்ளைக்கு மூன்று பெட்டி எதற்கு?

கேள்வி: எங்களுக்கு மூன்று பிள்ளைகள், வயது 5, 8, 12. வரும் ஜூனிலிருந்து வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம். ஒரு நிறுவனம் பாடப் புத்தகமெல்லாம் அடங்கிய பெட்டி ஒரு பிள்ளைக்கு ஒன்று, வருடத்துக்கு 32,000 ரூபாய் என்கிறது. இன்றிரவுக்குள் மூன்றுக்கும் கட்டினால் 20 சதவீதம் தள்ளுபடியாம். பாடத்திட்டம் ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்றும் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– கோவை வாசகி

பதில்: இன்றிரவு ஒன்றும் கட்டாதீர்கள். தள்ளுபடி போக 76,800 ரூபாய். அந்தப் பெட்டிகளில் இருப்பதில் பெரும்பகுதி, வீட்டுக்கு ஒரு பிரதி இருந்தால் போதும் என்கிற சாமான்தான்.

ஆளுக்குத் தனியாக வேண்டியது கணக்கும் மொழியும் மட்டுமே. அதையும் வயதைப் பார்த்து வாங்காதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை தமிழ்க் கதையைச் சரளமாக வாசிக்கும், ஆனால் கடன் வாங்கிக் கழிக்கத் தடுமாறும். அப்படியென்றால் அதற்குத் தமிழ் நான்காம் வகுப்பு, கணக்கு இரண்டாம் வகுப்பு. பெட்டியில் எல்லாப் பாடமும் ஒரே வகுப்பில் கட்டுப்பட்டிருக்கும், இந்த வசதி கிடைக்காது. தமிழ்நாடு பாடநூல் கழகப் புத்தகங்களும் என்சிஇஆர்டி புத்தகங்களும் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டு மூன்று வகுப்புகளின் பயிற்சிப் பக்கங்களை அச்செடுத்துப் போட வைத்துப் பாருங்கள், பிள்ளை எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் கடைக்குப் போகலாம்.

அறிவியல், சமூகம், கதை எல்லாம் மூன்று பேருக்கும் சேர்த்தே நடத்தலாம். ஐப்பசி மழையையே எடுத்துக்கொள்ளுங்களேன். மேலிருந்து அடிவரை ஒரே அகலமுள்ள டப்பா ஒன்றை மொட்டை மாடியில் வையுங்கள். சின்னது தினமும் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டுப் படம் வரையட்டும். நடுப்பிள்ளை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் அளந்து தேதியோடு எழுதட்டும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 60 சதுர மீட்டர் மாடியில் 12 மில்லிமீட்டர் பெய்தால் 720 லிட்டர். தொட்டிக்கு எவ்வளவு போகும், எத்தனை நாள் வரும் என்று பெரியது கணக்குப் போட்டு வரைபடமும் போடட்டும். இதை மூன்று வகுப்புக்கு மூன்று புத்தகமாக விற்பார்கள், அவர்களுக்கு அது வியாபாரம்.

ஒர்க்புக்கில் நேராக எழுத விடாதீர்கள். தாளைப் பிளாஸ்டிக் உறையில் செருகி ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதினால் அடுத்த பிள்ளைக்கும் ஆகும். வெளிநாட்டுப் பாடப் பெட்டி என்றால் உள்ளே எட்டிப் பாருங்கள். டாலரும் இஞ்சும் பவுண்டுமாக இருந்தால் பாதிக் கணக்கை நீங்கள்தான் மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குத்தான் இப்போதே யோசிக்க வேண்டும். ‘அங்கீகரிக்கப்பட்டது’ என்றால் யார் அங்கீகரித்தது, பத்தாம் வகுப்புச் சான்றிதழை எந்த போர்டு தரும் என்று கேளுங்கள். சான்றிதழ் தருவது தேர்வு வாரியம், பெட்டி விற்கும் நிறுவனம் அல்ல. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலரும் போவது மத்திய அரசின் திறந்தநிலைப் பள்ளி வாரியமான என்ஐஓஎஸ்ஸுக்கு. அங்கே பத்தாம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்து பாடம் தேறினால் போதும். ஆக உங்களுக்கு இரண்டு வருடம் கையில் இருக்கிறது. எந்த ஐந்து பாடம் என்று உத்தேசமாகவாவது முடிவு செய்துவிட்டு, அந்தப் பாடங்களுக்கு மட்டும் பணம் செலவழியுங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் பெட்டிதான் வேண்டும், உட்கார்ந்து திட்டம் போட நேரமில்லை என்றால் அதுவும் நியாயம்தான். பெரிய பிள்ளைக்கு மட்டும் ஒன்று வாங்கிப் பாருங்கள். மாதிரிப் பாடம் ஒரு வாரத்துக்காவது கேளுங்கள். அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆன்லைன் வகுப்புக்கு 18 சதவீதம் உண்டு. அதனால் பில்லில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்தால் பணம் எவ்வளவு நாளில் வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் சரி. பக்கம் குறைவது போன்ற குறை இருந்தால், பில்லில் காலவரை எதுவும் போடாவிட்டாலும் 30 நாளுக்குள் திருப்பி எடுத்துப் பணம் தர வேண்டும் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்பது குறைபாட்டில் சேராது, அதனால்தான் எழுத்தில் கேட்கச் சொல்கிறேன். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் போடுங்கள்.