அக்குபங்சர் படிப்பு: நகையை அடகு வைக்கும் முன்

வணக்கம். நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தேன். மருத்துவபீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. அம்மாவின் ஒற்றைத் தலைவலி அக்குபங்சரால் நன்றாகக் குறைந்ததால் அதையே தொழிலாகக் கற்க விரும்புகிறேன். இங்குள்ள தனியார் நிறுவனமொன்று ஆறு மாதத்தில் ‘சர்வதேச அங்கீகாரம் பெற்ற’ டிப்ளோமா தருவதாகச் சொல்கிறது. கட்டணத்துக்கு அம்மா நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். படித்தபின் ரொறன்ரோவுக்கு வரலாம் என்கிறார் அண்ணா. இந்தப் பணத்தைப் போடலாமா?
— வாசகி, வெள்ளவத்தை

அன்புத் தங்கைக்கு,

இப்போதைக்கு நகையில் கைவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். அக்குபங்சர் கற்கும் உங்கள் ஆசையை நான் மறுக்கவில்லை. ஆறு மாத டிப்ளோமாவை மட்டும் நம்பி அந்தத் தொழிலில் இறங்குவதையே மறுக்கிறேன்.

ஊசியிடும் புள்ளிகளின் பெயர்களை மனனம் செய்ய ஆறு மாதம் போதலாம். ஆனால் கழுத்துக்கும் தோள்மூட்டுக்கும் நடுவே, தோளின் மேட்டில் இருக்கும் ஜியான்ஜிங் என்ற புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்து வலிக்கு மிகச் சாதாரணமாக ஊசியிடும் இடம் அது. அதற்குக் கீழே நுரையீரலின் உச்சி இருப்பதால், மெலிந்த உடலில் ஊசி சற்று ஆழமாக இறங்கினாலும் நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்து, வலிக்கு வந்தவர் மூச்சுத் திணறலோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேரிடும். எந்த உடலில், எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம் என்பது அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் பல நோயாளிகளுக்கு ஊசியிட்ட பிறகே கைக்குப் பிடிபடும். உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டல், மருத்துவர் அல்லாதவருக்கு 2,500 மணித்தியாலப் பயிற்சியையும், அதில் குறைந்தது 1,000 மணித்தியாலம் செய்முறை, கிளினிக் பயிற்சியாக இருப்பதையும் கோரியது. ஞாயிறு தவிர நாள்தோறும் எட்டு மணித்தியாலம் படித்தாலும் ஆறு மாதத்தில் அதன் பாதியைத்தான் எட்டுவீர்கள்.

‘சர்வதேச அங்கீகாரம்’ என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள். தொழில் செய்ய அனுமதிப்பது அந்தந்த நாட்டின் சட்டம். ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் அக்குபங்சர் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில். உரிய படிப்பும் பரீட்சையும் பதிவும் வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2012 யூலை முதல், பதிவில்லாத ஒருவர் தம்மை அக்குபங்சர் சிகிச்சையாளர் என்று அழைத்துக்கொள்வதே குற்றம். நிறுவனத்திடம் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் டிப்ளோமாவை மட்டும் வைத்து ஒன்ராறியோவில் பதிவு பெற்ற பழைய மாணவர் ஒருவராவது உண்டா? அண்ணா அங்குள்ள பதிவு நிபந்தனைகளை எடுத்து அனுப்பினால், அந்தப் பதிலை நீங்களே சரிபார்க்கலாம். (வெளிநாட்டுக்கே போய்ப் படிப்பதும் சுலபமன்று. அமெரிக்காவில் பல இடங்களில் முதுகலைப் படிப்பின் கட்டணமே 50,000 டொலரைத் தாண்டுகிறது. அந்தக் கடனை இந்தத் தொழிலின் வருமானத்தில் அடைப்பது அங்கும் பலருக்குப் பெரும் பாரம்.)

கொழும்பில் இந்தச் சிகிச்சை பரவியதற்கு முக்கிய காரணமானவர், களுபோவிலை அரச வைத்தியசாலையில் அக்குபங்சர் கிளினிக் நடத்திய அன்ரன் ஜயசூரிய. அவர் ஏற்கெனவே வாத நோய் வைத்திய நிபுணர். உங்களுக்கும் இந்த வரிசையே பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன்: முதலில் சட்டப் பதிவுள்ள ஒரு தொழில், அதன்மேல் அக்குபங்சர். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் உள்ள சித்த மருத்துவப் பட்டப்படிப்பையும், கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களின் இயன்மருத்துவப் (பிசியோதெரபி) பட்டப்படிப்பையும் உங்கள் இசட் புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரச பல்கலைக்கழகங்களில் கற்கைக் கட்டணம் இல்லை. ஒன்ராறியோவில் பதிவு பெற்ற இயன்மருத்துவர், மேலதிகப் பயிற்சியுடன், தம் தொழிலின் எல்லைக்குள் அக்குபங்சரும் செய்யலாம் என்பதை அண்ணாவிடம் சொல்லுங்கள்.

வருமானத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கிடைத்த பலனை நான் சந்தேகிக்கவில்லை; ஒற்றைத் தலைவலியைத் தடுக்க, ஐந்து முதல் எட்டு வாரத்துக்குள் பத்து அமர்வுகள் வரை அக்குபங்சர் தரலாம் என்று பிரித்தானியாவின் அரச வழிகாட்டலே 2012இல் சொன்னது. ஆனால் அந்தப் பத்து அமர்வுகள் முடிந்ததும் நோயாளி போய்விடுவார், போகவும் வேண்டும். அவருடைய இடத்துக்கு இன்னொருவர் வர வேண்டும். புதிதாகத் தொடங்கும் ஒருவரிடம் அப்படித் தொடர்ந்து ஆட்கள் வருவதற்குச் சில வருடங்கள் பிடிக்கும். காலி வீதியை ஒட்டிய ஓர் அறையின் வாடகை அதுவரை காத்திருக்காது. பகலில் வைத்தியசாலைச் சம்பளமும் மாலையில் சில அக்குபங்சர் நோயாளிகளும் இருந்தால், அந்த வருடங்களை நீங்கள் கடனில்லாமல் கடக்கலாம்.