பாதி எடுப்பவர் நண்பரா?

கேள்வி: என் தம்பி ஓவியன். திருவனந்தபுரத்தில் கலைக்கூடம் நடத்தும் ஒருவரும் அவனும் பதினெட்டு வருட நண்பர்கள். ஆனால் படம் விற்றால் பாதித் தொகையை அந்த நண்பர் எடுத்துக்கொள்கிறார். கேட்டால் தம்பி என்மேல்தான் கோபப்படுகிறான். இது நட்பா, தரகா?
- ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: இரண்டும்தான். ஒன்று இருக்கும் இடத்தில் மற்றது இருக்கக் கூடாது என்று யார் சொன்னது?

குளச்சல் கரையில் மீன் ஏலம் பார்த்திருப்பீர்கள். வள்ளத்துக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவர், மீன் கரைக்கு வந்ததும் தரகைப் பிடித்துக்கொள்வார். அதனாலேயே இடையில் நிற்பவர் என்றால் நம் மாவட்டத்தில் ஒரு கசப்பு உண்டு. நியாயமான கசப்புதான். ஆனால் மீன் சாயங்காலத்துக்குள் நாறிவிடும், படம் நாறாது. மீன் தரகரின் சாமர்த்தியம் சீக்கிரம் விற்பதில் இருக்கிறது. கலைக்கூடக்காரரின் சாமர்த்தியம் பல சமயம் விற்காமல் இருப்பதில் இருக்கிறது. அடிமாட்டு விலைக்குக் கேட்பவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். யாரும் வாங்காத வருடங்களிலும் வாடகை கட்ட வேண்டும்.

பம்பாயில் கெக்கூ காந்தி என்று ஒருவர் இருந்தார். 1941இல் படச் சட்டம் செய்யும் தொழிலில் இறங்கியவர். உசேன், ஆரா போன்ற ஓவியர்களின் படங்களைத் தன் சட்டக் கடைச் சன்னலில் வைத்துக் காட்டினார். 1963இல் ஜஹாங்கீர் கலைக்கூடத்தின் மாடியில் சிறியதோர் இடம் பிடித்து ‘கெமோல்ட்’ என்ற கலைக்கூடத்தைத் தொடங்கினார். பூபேன் கக்கர் ஓவியராக அறிமுகமான காலத்திலேயே அவருக்குச் சுவர் கொடுத்த இடம் அது. கக்கர் தொழிலால் பட்டயக் கணக்காளர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கணக்குத் தெரிந்த ஓவியருக்கு எந்தக் கலைக்கூடக்காரரும் நண்பராகத்தான் இருந்தாக வேண்டும்!

நட்பில் பணச் சண்டையே வராது என்றும் நினைக்காதீர்கள். பிக்காசோவும் அவருடைய படங்களை விற்ற வியாபாரி கான்வைலரும் 1912இல் எழுத்தில் ஒப்பந்தம் போட்டவர்கள். முதல் உலகப் போர் வந்தது. கான்வைலர் ஜெர்மானியர் என்பதால் பிரெஞ்சு அரசு அவருடைய சரக்கு முழுவதையும் பறிமுதல் செய்து, பின்னர் ஏலத்தில் விற்றது. பிக்காசோவுக்கு வர வேண்டிய இருபதாயிரம் பிராங்க் நின்றுபோனது. அவர் அதை எளிதில் மன்னிக்கவில்லை. வருடக்கணக்கில் முகம் திருப்பிக்கொண்டார். பிறகு அதே கான்வைலரிடம்தான் திரும்பி வந்தார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது பாரீசுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகவே பாதி என்பதைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. பெரிய ஊர்களிலும் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுப்பது வழக்கம்தான். என் சந்தேகம் வேறு. எனக்குத் தெரிந்த நாகர்கோவில் ஓவியர் ஒருவர், நட்பை நம்பி ஒரு கலைக்கூடத்தில் பன்னிரண்டு படங்களைத் துண்டுச்சீட்டு இல்லாமல் வைத்துவிட்டு வந்தார். திரும்பி வந்தவை ஏழு. மற்றவை எங்கே என்று கேட்டபோது, “நம்மிடையே கணக்கா?” என்று பதில் வந்தது. அந்த வாக்கியத்தை யார் சொன்னாலும் நண்பர் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுங்கள்.

இன்னொன்று. படம் விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை காப்புரிமை ஓவியனுடையதே. விற்ற ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் பத்து சதவீதம் வரை பங்கு கேட்கவும் நம் காப்புரிமைச் சட்டத்தில் இடமுண்டு. அப்படிக் கேட்டு வாங்கிய ஓவியரை நான் இதுவரை சந்தித்ததில்லை என்பது வேறு விஷயம்.

கடைசியாக, கேட்கக் கூடாத ஒரு கேள்வி: இந்தப் பதினெட்டு வருடத்தில் தம்பியின் படம் ஒன்றையாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அவன் கோபம் எனக்குப் புரிகிறது. எத்தனை படங்கள் அங்கே இருக்கின்றன, அதற்குச் சீட்டு இருக்கிறதா என்று மட்டும் விசாரியுங்கள். இல்லை என்றால் நாளைக் காலை மார்த்தாண்டத்தில் பஸ் ஏறச் சொல்லுங்கள். கையில் ஒரு கார்பன் தாளும் இருக்கட்டும்.