நடந்துகொண்டே கணக்குப் போடுகிறாளா? போடட்டும் அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

சனிக்கிழமை தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏறி வந்து நீங்கள் ஒரே மூச்சில் சொன்னதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் டூ. காலாண்டில் கணக்கு மார்க் இறங்கிவிட்டது. உட்கார்ந்து படிக்காமல் முற்றத்தில் நடக்கிறாள், காதில் பாட்டு, ராத்திரி பத்து மணிக்குக் கருப்பட்டிக் காப்பி, காலண்டர் தாளைத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்து எழுதுகிறாள், ஒரே பேனாதான் வேண்டும் என்று அடம். "இப்படி இருந்தா எங்கிட்டு சார் கணக்கு ஏறும்?" என்று கேட்டீர்கள். அன்று வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பாதிதான் சொன்னேன். மீதியை எழுதுகிறேன். மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில், எல்லாப் பழக்கத்தையும் ஒரே நாளில் பிடுங்காதீர்கள். பிள்ளைகளுக்குப் படிப்பில் யோசனை சொல்லும் இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையனுக்கு அப்படித்தான் சொன்னேன். நடக்காதே, பாட்டுக் கேட்காதே, நாற்காலியில் உட்கார். அவன் சொன்னபடியே உட்கார்ந்தான், ஆனால் கணக்குப் போடவில்லை. அரையாண்டில் மார்க் இன்னும் குறைந்தது. அது இன்றைக்கும் எனக்கு வருத்தம்தான்.

அதனால் நோட்டைப் பாருங்கள். உட்காரும்போது நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எத்தனை கணக்குப் போட்டாள், விடையோடு ஒத்துப் பார்த்ததில் எத்தனை சரி என்று பக்கத்தின் அடியில் எழுதட்டும். ஒரு வாரம் பாட்டோடு, ஒரு வாரம் பாட்டில்லாமல். உங்களுக்கு வெக்டர் தெரிய வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்தால் போதும். எது அவளுக்கு உதவுகிறது, எது கெடுக்கிறது என்று அந்த நோட்டே சொல்லிவிடும்.

நடப்பதும் தரையில் எழுதுவதும் இருக்கட்டும். புதுக் கணக்கு பிடிபடாமல் முட்டி நிற்கும்போது எழுந்து நாலு நடை நடந்தால் வழி தெரிவது பலருக்கும் உண்டு. ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானி, 2014இல் ஃபீல்ட்ஸ் பதக்கம் பெற்றவர், கணிதத்தின் அந்தப் பெரிய விருதை வாங்கிய முதல் பெண். அவர் பெரிய தாள்களைத் தரையில் விரித்து, படம் போட்டுப் போட்டுத்தான் யோசிப்பார். அம்மா ஓவியம் வரைகிறார் என்று அவருடைய சின்ன மகள் சொல்வாளாம். நம் ராமானுஜன் காகிதத்துக்குக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு முழங்கையாலேயே அழித்துவிட்டு அடுத்ததைப் போட்டவர். காலண்டர் தாள் தீர்ந்தால் மகளுக்கும் ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுங்கள். மழைக்காலத்து உப்புக் காற்றில் தாள் நமத்துப் பேனா இழுக்காமல் போவதற்கும் அது நல்ல மாற்று.

பாட்டு விஷயம் கொஞ்சம் சிக்கல். ஒரு கணக்கைப் போடும்போது மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது நாலைந்து விஷயம்தான். பகுதித் தொகையிடல் என்று ஒரு கணக்கு, அதில் இரண்டாகப் பிரித்த பகுதிகளில் எது u, எது dv, மைனஸ் எங்கே வந்தது என்று வைத்திருக்கும்போது, பாட்டின் வரிகளும் அதே இடத்துக்குப் போட்டி போடும். ஏற்கெனவே தெரிந்த அணிக் கணக்குகளைப் பழகிப் பார்க்கும்போது பழைய பாட்டு ஓடினால் பெரிய கெடுதல் இல்லை. புதுப் பாடம் படிக்கும்போது வரிகள் உள்ள பாட்டு வேண்டாம். நாதஸ்வரமோ வீணையோ போதும், கடல் சத்தம் கேட்கும் வீடென்றால் அதுவும் வேண்டாம்.

எனக்குப் பாட்டைவிடப் பயம், அது வரும் போன். பாட்டு மாற்ற எடுத்த கை அரை மணி நேரம் கழித்துத்தான் அதைக் கீழே வைக்கும். மெமரி கார்டு போடும் சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்குங்கள். படிக்கிற நேரம் முழுக்கப் போன் உங்கள் இடுப்பில் இருக்கட்டும். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் அக்கா.

காப்பியை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். பத்து மணிக்குக் குடித்தால் அதிலுள்ள காஃபின் பாதியளவு விடிகாலை மூன்று மணிக்கும் உடம்பில் இருக்கும். அன்று படித்த கணக்கு மனதில் படிவதே தூக்கத்தில்தான். பள்ளி விட்டு வந்ததும் கருப்பட்டிக் காப்பி கொடுங்கள். ராத்திரியில் கேட்டால் காப்பித்தூள் இல்லாத சுக்குமல்லி.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை லீவு நாளில் கணக்கு வேண்டாம். வியர்வை நோட்டில் சொட்டும்போது யாருக்கும் தலை ஓடாது. பூவரச நிழலில் மொழிப்பாடம் படிக்கட்டும். கணக்குக்கு விடிகாலைதான். ராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த கலாம் அய்யா, சிறுவனாக இருந்தபோது நான்கு மணிக்கே எழுந்து குளித்துவிட்டுக் கணக்கு டியூஷனுக்குப் போனதைச் சொல்லியிருக்கிறார். குளிக்காமல் வந்தால் அந்த வாத்தியார் சேர்த்துக்கொள்ள மாட்டாராம். தலையில் தண்ணீர் பட்டு உட்கார்ந்தால், வேலை தொடங்கிவிட்டது என்று உடம்புக்குத் தெரிகிறது. உங்களிடம் ஒரு வேண்டுகோள்: ஐந்திலிருந்து ஆறரை வரை தண்ணீர்க் குடத்தோடு அவளை அனுப்பாதீர்கள். அது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

எட்டு மணி நேரம் கணக்கே போட வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஆங்கிலேயக் கணித மேதை ஹார்டி, காலையில் சுமார் நான்கு மணி நேரம் கணிதம் செய்துவிட்டு மதியம் கிரிக்கெட் பார்க்கப் போய்விடுவார். மகளுக்குப் பள்ளிக்கு வெளியே இரண்டு மணி நேரம் முழு மனதோடு கிடைத்தால் தாராளம்.

உங்கள் வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போட்டில் போகாத நாளில் வலை பொத்த உட்காருவாரே, அவர் பக்கத்திலேயே இவளும் நோட்டோடு உட்காரட்டும். பேச்சு வேண்டாம். கிழிந்த இடத்தைத் தேடி, கண்ணியை எண்ணி, அந்த இடத்தில் மட்டும் அவர் முடிச்சுப் போடுவார். இவள் தப்பான கணக்கை எடுத்து, எந்த வரியில் பிசகியது என்று தேடி அங்கே சிவப்பில் ஒரு கோடு போடட்டும். முழுக் கணக்கையும் திரும்ப எழுத வேண்டாம். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் அவரும் வீட்டில்தான், கரண்டும் போகும். சார்ஜ் லைட்டை இப்போதே சரிபார்த்து வையுங்கள்.

ஜனவரியிலிருந்து ஒரு மாற்றம் வேண்டும். பரீட்சை அறையில் பாட்டும் கிடையாது, நடையும் கிடையாது. 90 மார்க் தாள், மூன்று மணி நேரம், அதற்கு முன்னால் கேள்வி வாசிக்கவும் விவரம் நிரப்பவும் 15 நிமிடம். வாரத்தில் ஒரு நாள், ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்றேகால் வரை, பெஞ்சு மேசையில் உட்கார்ந்து ஒரு பழைய தாளை எழுதட்டும். முதல் வாரம் கால் துறுதுறுக்கும். நாலைந்து வாரத்தில் பழகிவிடும்.

இன்ஜினீயரிங் கிடைக்குமா என்று கேட்டீர்கள். இடம் கொடுக்கப் பார்க்கும் கட்ஆஃப் மார்க் 200இல் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. ஆகவே கணக்கில் ஏறும் ஒவ்வொரு மார்க்கும் முழுசாகச் சேரும். ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளி என்றீர்கள், அப்படியானால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கும். விண்ணப்ப வேலை நடக்கும் சமயம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தோடு ஒட்டி வரும், கையில் காசு இருக்காது. ஆறாவது முதல் படித்ததற்கான சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் பொங்கலுக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.

அப்புறம் அந்தப் பேனா. அதைப் பிடித்தால் அவளுக்குப் பதற்றம் குறைகிறது என்றால் அதற்காகச் சண்டை வேண்டாம். ஆனால் அது தொலைந்தால் பரீட்சையன்று அழுகைதான். அதே மாதிரி இன்னும் இரண்டு இப்போதே வாங்குங்கள். மூன்றையும் மாற்றி மாற்றி எழுதட்டும், மார்ச்சுக்குள் எது பழசு என்று அவளுக்கே தெரியாமல் போகும்.