மீதித் திசு எதற்கு?

அன்புள்ள டாக்டருக்கு,

அப்பாவுக்கு இரைப்பையில் கட்டி. அடுத்த வாரம் ஆபரேஷன். பேத்தாலஜி பரிசோதனைக்குப் போக மீதமாகும் திசுவை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்று ஒரு படிவம் தந்திருக்கிறார்கள். பேத்தாலஜி என்றால் சதையைப் பார்த்து என்ன நோய் என்று எழுதித் தருகிற இடம்தானே? மருந்து கண்டுபிடிப்பது வேறு ஆட்களின் வேலை இல்லையா? கையெழுத்துப் போடலாமா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

அப்பாவின் ஆபரேஷன் நல்லபடியாக முடியட்டும்.

என்ன நோய் என்று எழுதித் தருவதுதான் எங்கள் வேலை. ஆனால் அந்தப் பெயர் தப்பாக இருந்தால், அதை நம்பி நடக்கும் ஆராய்ச்சி முழுக்கத் தடம் மாறிப்போகும். இரைப்பையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். அப்பாவுக்கும் இதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரைப்பை, குடல் சுவர்களில் வரும், இன்று ஜிஸ்ட் (GIST) என்று சொல்லும் ஒருவகைக் கட்டியை வெகுகாலம் தசைக் கட்டி என்றே எழுதிவந்தார்கள். மைக்ராஸ்கோப்பில் அதன் செல்கள் நீளநீளமாக, தசைச் செல் மாதிரியே தெரியும். பரவிவிட்டால் கீமோ கொடுப்பார்கள், பெரும்பாலும் கேட்காது. 1983ல் மசூர், கிளார்க் என்ற இரண்டு அமெரிக்கப் பேத்தாலஜிஸ்டுகள் இரைப்பைக் கட்டிகளை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். பலவற்றில் தசைக்கான அடையாளமே இல்லை. அப்படியானால் இது என்ன? பதில் வர 15 வருஷம் ஆனது. 1998ல் ஜப்பானின் ஒசாகாவில் ஹிரோட்டா, கிட்டமுரா குழு இந்தக் கட்டிகளில் கிட் என்ற மரபணு மாறியிருப்பதைக் கண்டுபிடித்தது. கிட்டமுராவும் பேத்தாலஜிக்காரர்தான். கிட் மரபணு உண்டாக்கும் புரதம் செல்லைப் பெருகச் சொல்லித் தூண்டும். மரபணு மாறியதால் அந்தப் புரதம் நிறுத்தாமல் தூண்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

அந்தச் சமயத்தில் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக இமாட்டினிப் என்ற மாத்திரை சோதனையில் இருந்தது. அது கிட் புரதத்தையும் தடுக்கும் என்று தெரிந்திருந்தது. 2000ல் பின்லாந்தில், நோய் பரவியிருந்த ஒரு பெண்ணுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டிகள் சுருங்கின. 2002ல் அமெரிக்கா இந்த நோய்க்கும் அந்த மருந்தை அனுமதித்தது. தசைக் கட்டி என்ற பெயரிலேயே விட்டிருந்தால், இந்த நோயாளிகளுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்?

இதில் மீதித் திசுவின் பங்கு என்ன என்றுதானே கேட்கிறீர்கள். வெட்டியெடுத்த திசுவை, அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து பிளாக் ஆக்குகிறோம். அது பல பத்தாண்டுகள் கெடாது. மேற்கு ஸ்வீடனில் 1983 முதல் 2000 வரையிலான பழைய பிளாக்குகளை எடுத்துப் புதிய சாயங்களால் மறுபடி பார்த்தபோது, வேறு பெயரில் கிடந்த ஏராளமான கட்டிகள் இந்த நோய்தான் என்று தெரியவந்தது. அந்த நோயாளிகளுக்கு அப்புறம் என்ன ஆனது என்பதும் பதிவில் இருந்ததால், எது திரும்ப வரும், எது வராது என்று கணிக்க முடிந்தது. புதிதாக நோயாளிகளைச் சேர்த்து இதைத் தெரிந்துகொள்ளப் பல வருஷம் காத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, வெளியே யாரும் பேசாதது. ஆபரேஷனில் எடுத்த திசு முழுவதும் கட்டி அல்ல. கொழுப்பு, நல்ல திசு, செத்துப்போன பகுதி எல்லாம் கலந்திருக்கும். எந்தத் துண்டில் உயிருள்ள புற்றுச் செல் போதுமான அளவு இருக்கிறது என்று பேத்தாலஜிஸ்ட் பார்த்துக் குறித்துக் கொடுக்காமல் மரபணுவைப் படித்தால், நல்ல செல்லைப் படித்துவிட்டுப் புற்றுநோய் என்று எழுதிவிடலாம். திசு ஃபார்மலினில் விழ மணிக்கணக்கில் தாமதமானாலும் உள்ளே இருக்கும் ஆர்என்ஏ (எந்த மரபணு வேலை செய்கிறது என்று காட்டும் மூலக்கூறு) சிதைந்துபோகும். எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரம் வந்தாலும் அதை ஒட்டவைக்க முடியாது.

சரி, கையெழுத்து. அதை நீங்கள் போட வேண்டாம்; அப்பாவிடம் விளக்கிச் சொல்லுங்கள், முடிவு அவருடையது. மறுத்தாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது, ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) நெறிமுறைகள் அப்படித்தான் சொல்கின்றன. என் தந்தையாக இருந்தால் சம்மதியுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு முன் இரண்டு கேள்வி கேட்பேன். பெயர், முகவரி எல்லாம் நீக்கித்தான் கொடுப்பீர்களா? நாளைக்கு நோய் திரும்பி வந்து புதிய பரிசோதனை தேவைப்பட்டால், அதற்குப் போதுமான திசுவை அவருக்கென்று பிளாக்கில் மிச்சம் வைப்பீர்களா? இரண்டாவதற்குத் தெளிவான பதில் வாங்காமல் விடாதீர்கள்.