ரேசிங் சிமுலேட்டரில், ஹெச் ஷிஃப்டரில் கியர் இறக்கினால் மட்டும் கார் சுழல்கிறதா?

ஹெச் ஷிஃப்டரில், அதாவது H வடிவப் பாதையில் கையால் நகர்த்தும் கியர் லீவரில், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பின்பக்கம் சுழல்வது ஷிஃப்டர் கோளாறாகத் தெரியவில்லை. கிளட்சை விடும் நேரத்தில் இன்ஜின் சுழற்சி குறைவாக இருக்கிறது. அதை மேலே ஏற்றும் சுமை பின்சக்கரங்கள் மேல் விழுவதால் பிடிமானம் போய்விடுகிறது.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள பேடிலில் கியர் மாற்றும்போது இது தெரியாததற்குக் காரணம், அந்த வகை ரேஸ் கார்களில் பெரும்பாலும் எலக்ட்ரானிக்ஸே த்ராட்டிலை ஒரு தட்டுத் தட்டிவிடும். ஹெச் கியரில் அது உங்கள் வலது காலின் வேலை, பிரேக்கை விடாமலே. எரிச்சலான வேலைதான்.

இந்தத் தட்டலைத் தானாகச் செய்யும் ஆட்டோ பிளிப்பை மட்டும் ஆன் செய்து அதே வளைவில் ஐந்து சுற்று ஓட்டிப் பாருங்கள். சுழலவில்லையா, சரி, காலைப் பழக்கினால் போதும். அப்புறமும் சுழன்றால் பிரேக் பயாஸை (முன், பின் சக்கரங்களுக்கு பிரேக் விசை பிரியும் விகிதம்) ஓரிரு சதவீதம் முன்னுக்குத் தள்ளுங்கள்.

ஆனால் வேகம் குறையுமுன் இரண்டாம் கியரைப் போட்டால் எந்த பிளிப்பும் காப்பாற்றாது.